மேகத்துக்குள் ஏறும் முதல் மூன்று நிமிடங்கள்: கருவிவழிப் புறப்பாட்டில் நேரும் பிழைகள்

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். கலிபோர்னியாவின் வாட்சன்வில் விமான நிலையத்திலிருந்து வார இறுதிகளில் செஸ்னா 172 ஓட்டுபவன் நான். பிழைப்புக்கு வேறு தொழில் இருக்கிறது. பறப்பது விருப்பத்துக்காக மட்டுமே. ஐஎஃப்ஆர் என்று நாம் சொல்லும் கருவிவழிப் பறத்தலுக்கான தகுதியை அண்மையில்தான் பெற்றேன்.

இந்த ஊரின் வானிலையை அறிந்தவர்களுக்கு என் கேள்வி உடனே புரியும். கோடைக் காலைகளில் மான்டரே வளைகுடாவிலிருந்து தாழ்ந்த கடல்மேகம் உள்ளே வந்து ஓடுபாதையை மூடிவிடுகிறது. மேகத்தின் அடிப்பக்கம் சில நூறு அடி உயரத்தில் இருக்கும். அதன் உச்சியோ பல நாட்களில் 2000 அடியைக்கூடத் தொடாது. அதற்கு மேல் நல்ல வெயில். ஆகவே என் போன்றவர்களுக்கு இந்தத் தகுதி பெரும்பாலும் பயன்படப்போவது, மேகத்துக்குள் ஏறி இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபுறம் வெளியே வருவதற்குத்தான். ஆனால் பயிற்சிக் காலத்தில் என் நேரம் முழுவதும் இறங்குவதற்கான அணுகுமுறைகளிலேயே கழிந்தது. புறப்பாடு என்பது கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள நிலையத்தில் கட்டுப்பாட்டாளர் பறக்க வேண்டிய திசையைச் சொல்ல, நான் அதைப் பிடித்துக்கொண்டு ஏறுவது என்ற அளவிலேயே முடிந்துவிட்டது. வாட்சன்வில்லில் கோபுரம் இல்லை. வடகிழக்கே சாந்தா குரூஸ் மலைத்தொடர் நிற்கிறது. அதன் உச்சியான லோமா பிரியெட்டா 3790 அடி.

வார இறுதி விமானிகள் கருவிவழிப் புறப்பாட்டில் வழக்கமாக எங்கே தவறுகிறார்கள்? தடைகளைத் தவிர்ப்பதற்கென்று வெளியிடப்பட்டுள்ள புறப்பாட்டு நடைமுறையைப் பின்பற்றுவது எனக்குக் கட்டாயமா? ஆட்டோபைலட்டை எப்போது நம்பலாம்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்: பயிற்றுநர்

நல்ல கேள்வி. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கருவிவழிப் பறத்தலைக் கற்பிக்கும் நாங்கள் அணுகுமுறைக்குக் கொடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் புறப்பாட்டுக்குக் கொடுப்பதில்லை என்பதை நான் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இறங்கும்போது விமானிக்கு மேலிருந்து கீழ்வரை யோசிக்க நேரம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் விலகி மீண்டும் ஏறிக்கொள்ளலாம். புறப்படும்போது அந்த இரண்டும் இல்லை. 400 அடி உயரத்தில் மேகத்துக்குள் நுழைந்த பிறகு வரைபடத்தைத் தேடுகிறவர், அதைத் தேடியிருக்க வேண்டிய இடம் ஓடுபாதையின் ஓரம். நான் பார்த்த புறப்பாட்டுப் பிழைகளில் பெரும்பாலானவை சக்கரம் தரையை விட்டு எழுவதற்கு முன்பே செய்யப்பட்டவை. காற்றில் அவை வெளிப்பட்டன, அவ்வளவுதான்.

முதலாவது, கட்டுப்பாட்டாளர் தரும் பறப்பு அனுமதியை எழுதிக்கொள்வதற்கும் புரிந்துகொள்வதற்கும் உள்ள இடைவெளி. எல்லை, பாதை, உயரம், அலைவரிசை, டிரான்ஸ்பாண்டர் எண் (ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் எண்) என்ற வரிசையில் எழுதிக்கொண்டு, பிசகில்லாமல் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதில் உள்ள பாதையை வரைபடத்தில் விரலால் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். 'சலினாஸ் விஓஆருக்கு (திசைகாட்டும் வானொலி நிலையத்துக்கு) நேராக' என்று அனுமதி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் எழுந்தவுடன் அந்தப் பக்கம் திரும்பிவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி அல்ல. கோபுரம் இல்லாத நிலையத்தில், தடைகளுக்கு மேலான பாதுகாப்பான உயரத்தை எட்டும் வரை எப்படி ஏறுவது என்பது விமானியின் பொறுப்பு. வெளியிடப்பட்ட தடைதவிர்ப்பு நடைமுறை இருந்தால் அதை முதலில் பறந்து முடித்து, அதன் பிறகுதான் சலினாஸ் பக்கம் திரும்ப வேண்டும். அதற்குத் தனியாக அனுமதி கேட்கத் தேவையில்லை. கட்டுப்பாட்டாளர் வேறு வழியை ஒதுக்காதவரை அதைப் பறக்கலாம்.

கட்டாயமா என்று கேட்டீர்கள். தனியார் பறத்தலுக்கான அமெரிக்க விதிகளின்படி, அனுமதியிலேயே அந்த நடைமுறை குறிப்பிடப்படாதவரை அது சட்டப்படி கட்டாயம் அல்ல. புறப்படுவதற்கான குறைந்தபட்சப் பார்வைத் தொலைவுகூட உங்களுக்கு விதிக்கப்படவில்லை. இந்தச் சுதந்திரத்தை எவரும் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மேகத்துக்குள் மலை எங்கே இருக்கிறது என்று அளந்து பார்த்து ஒருவர் உங்களுக்காக வழி வகுத்து வைத்திருக்கிறார். அதை விட்டு வேறு வழியில் போவதற்கு நியாயமான காரணம் எனக்கு இதுவரை தென்பட்டதில்லை. அதே போல, புறப்பட்ட இடத்துக்கே உடனே திரும்பி இறங்க முடியாத அளவுக்கு மேகம் தாழ்ந்திருந்தால் நான் புறப்படுவதில்லை. கதவு சரியாக மூடாமலோ இயந்திரம் கரகரத்தாலோ எங்கே போவீர்கள் என்ற கேள்விக்குத் தரையிலேயே பதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கெடு நேரம். கோபுரமற்ற நிலையத்தில் தொலைபேசியிலோ வானொலியிலோ அனுமதி தரும்போது, இத்தனை மணிக்குள் எழாவிட்டால் அனுமதி செல்லாது என்று சொல்வார்கள். இயந்திரச் சோதனையை அதற்குப் பின் தொடங்குகிறவர் அவசரத்தில் பாதிச் சோதனையை விழுங்கிவிடுகிறார். எல்லாம் முடித்து, ஓடுபாதைக்கு அருகே நின்றுகொண்டு அனுமதி கேளுங்கள். கெடு தவறிவிட்டால் புறப்படாதீர்கள். அது முடிந்த 30 நிமிடத்துக்குள் தகவல் சொல்லுங்கள், ஏனெனில் அதுவரை உங்களுக்காக அந்த வான்வெளி பூட்டப்பட்டுக் கிடக்கும், மற்றவர்கள் மேலே சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது, உடம்பு. வேகம் கூடும்போது உள்காது அதை மூக்கு மேலே தூக்குவதாக உணர்கிறது. வெளியே அடிவானம் தெரியும்போது கண் அந்தப் பொய்யைத் திருத்திவிடும். மேகத்துக்குள் திருத்த ஒன்றும் இல்லை, அதனால் கை தானாக மூக்கைக் கீழே தள்ளப் பார்க்கும். ஏறும் திருப்பத்தில் தலையைச் சட்டென்று குனிந்து கீழே விழுந்த பேனாவை எடுப்பதும், எட்டி அலைவரிசையை மாற்றுவதும் தலைசுற்றலைக் கொண்டுவரும். ஆகவே புறப்பாட்டு அலைவரிசையை இரண்டாம் பெட்டியில் முன்பே போட்டு வையுங்கள். எழுந்த பிறகு ஒரு பொத்தானை அழுத்துவதற்கு மேல் கைக்கு வேலை இருக்கக் கூடாது. மேகத்துக்குள் நுழைவதற்கு முன்பே கண்ணை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். மேகம் வந்து மூடும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருப்பவர் முதல் ஐந்து வினாடிகளை இழந்துவிடுகிறார்.

ஓடுபாதைக்கு உருண்டு போகும் நேரம் வீணான நேரம் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அங்கே இடமும் வலமும் திரும்பும்போது திசைகாட்டி சரியான பக்கம் நகர்கிறதா, திருப்பங்காட்டி அசைகிறதா, செயற்கை அடிவானம் சாயாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அழுத்தத்தைப் பொருத்திய பிறகு உயரமானி நிலையத்தின் உயரத்திலிருந்து 75 அடிக்கு மேல் விலகியிருந்தால் அதை மேகத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாம் பதில்

முந்தையவர் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. தடைதவிர்ப்பு என்பது என்ன கணக்கின் மேல் நிற்கிறது என்பதை மட்டும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அந்தக் கணக்கு தெரியாமல் நடைமுறையைப் பறப்பவர்கள் நிறையப் பேர்.

வரைபடத்தில் வேறு எதுவும் சொல்லப்படவில்லை என்றால், நீங்கள் ஓடுபாதையின் முடிவைக் குறைந்தது 35 அடி உயரத்தில் கடப்பீர்கள், 400 அடி ஏறும்வரை திரும்ப மாட்டீர்கள், அதன் பின் ஒவ்வொரு கடல்மைலுக்கும் குறைந்தது 200 அடி ஏறுவீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் நடைமுறையை வகுக்கிறார்கள். தடைகளை அளக்கும் கற்பனைச் சரிவு மைலுக்கு 152 அடி. மீதி 48 அடிதான் உங்களுக்கும் பாறைக்கும் இடையில் விடப்பட்டுள்ள இடைவெளி. ஒரு மைலில் 48 அடி என்பது எவ்வளவு குறைவு என்று எண்ணிப் பாருங்கள். மலைப்பகுதிகளில் மைலுக்கு 300, 400 அடி என்று அதிகமாகவும் கேட்பார்கள்.

இங்கேதான் சிறு விமானக்காரர்கள் சறுக்குகிறார்கள். நம் கண் முன்னால் இருக்கும் கருவி நிமிடத்துக்கு எத்தனை அடி என்று காட்டுகிறது. நடைமுறை கேட்பதோ மைலுக்கு எத்தனை அடி என்று. இரண்டையும் இணைப்பது தரைவேகம். ஒரு வெப்பமான நாளில் உங்கள் விமானம் நிமிடத்துக்கு 450 அடி ஏறுகிறது என்று கொள்வோம். தரைவேகம் 75 நாட் (மணிக்கு 75 கடல்மைல்) என்றால் மைலுக்கு 360 அடி கிடைக்கும். பின்காற்று 20 நாட் சேர்ந்து தரைவேகம் 95 ஆனால் கிடைப்பது 284 அடி மட்டுமே. நடைமுறை 300 கேட்டிருந்தால், இயந்திரம் அதே வலுவோடு இழுத்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வரம்புக்குக் கீழே போய்விட்டீர்கள். தரையில் ஓடுபாதைக் காற்று அசையாமல் இருந்தாலும் 2000 அடியில் காற்று வேறாக இருக்கலாம் என்பதால், மேல்காற்று முன்னறிவிப்பைப் பார்த்துத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். திருப்பத்தில் இறக்கை சாய்ந்திருக்கும்போது ஏற்றம் இன்னும் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று: மேகம் இருக்கிறதே, அனுமதிக்காகக் காத்திருப்பதைவிட மேகத்தின் கீழ் காட்சிவழியில் (வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கும் முறையில்) புறப்பட்டு, வானில் அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இரவிலும் இதையே செய்கிறார்கள். சான் டியேகோவுக்குத் தெற்கே உள்ள பிரவுன் ஃபீல்டின் கிழக்கில் ஓட்டே மலை, சுமார் 3500 அடி உயரத்தில் நிற்கிறது. 1991 மார்ச் 16 அன்று பின்னிரவில், பாடகி ரீபா மெக்கின்டயரின் இசைக்குழுவினரை ஏற்றிக்கொண்டு அங்கிருந்து காட்சிவழியில் புறப்பட்ட ஜெட் விமானம் அந்த மலையில் மோதியது. அதிலிருந்த 10 பேரும் இறந்தார்கள். 2004 அக்டோபர் 24 அன்று, நள்ளிரவுக்குப் பின் அதே நிலையத்திலிருந்து அதே முறையில் புறப்பட்ட மருத்துவச் சேவை லியர்ஜெட் அதே மலையில் மோதியது. 5 பேர் இறந்தார்கள். இரண்டாவதில் விமானிகள் கட்டுப்பாட்டாளருடன் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ரேடாரில் தெரிகிறீர்கள் என்று சொல்லி, ஒரு திசையையும் கொடுத்து, காட்சிவழியிலேயே தொடருங்கள், மேலே போனதும் அனுமதி தருகிறேன் என்றார். மலையைத் தாண்டும் பொறுப்பு யாருடையது என்பதில் இரு தரப்புமே தவறியதாக விசாரணை சொன்னது.

இரண்டு விமானங்களையும் ஓட்டியவர்கள் தொழில்முறை விமானிகள், இருவர் குழு, நம்மைவிட அதிக ஏற்ற வலுவுள்ள ஜெட்கள். அந்த நிலையத்தின் கருவிவழிப் புறப்பாட்டைப் பறந்திருந்தால் இரண்டுமே மலையை விட்டு விலகியிருக்கும். 'ரேடாரில் தெரிகிறீர்கள்' என்ற சொல் தரைத்தடைகளிலிருந்து உங்களைக் காப்பதாகத் தரும் வாக்குறுதி அல்ல. அதைக் கேட்டவுடன் தோள் தளர்வது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மூன்றாம் பதில்

ஆட்டோபைலட் பற்றிய பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

திரையில் பாதையைக் காட்டும் மெஜந்தா நிறக் கோட்டைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஜிபிஎஸ்ஸில் பயணப் பாதையை ஏற்றியதும், ஓடுபாதையிலிருந்து முதல் புள்ளிக்கு அது ஒரு நேர்கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டுக்கு மலை தெரியாது. வெறும் சொற்களாக வெளியிடப்பட்ட தடைதவிர்ப்பு நடைமுறைகள் பெரும்பாலும் தரவுத்தளத்தில் இருப்பதில்லை. அவற்றைத் திசைகாட்டியைப் பார்த்துத்தான் பறக்க வேண்டும். எழுந்தவுடன் ஆட்டோபைலட்டை வழிப்பின்தொடரும் நிலையில் போட்டவர், நடைமுறை கேட்ட திசையை விட்டுவிட்டு நேராக முதல் புள்ளிக்குத் திரும்பியிருப்பார், தனக்குத் தெரியாமலே. திசை நிலையில் தொடங்கி, நடைமுறை முடிந்த பிறகு பாதைக்கு மாறுவதே சரி.

அதற்கு முந்தைய பிழை இன்னும் எளிமையானது. முந்தைய பயணத்தில் ஐஎல்எஸ் என்ற வானொலிக் கற்றை வழிகாட்டும் அணுகுமுறையில் இறங்கியவர் திசைவிலகல் காட்டியை அதன் திசைக்கற்றையான லோக்கலைசர் மூலத்திலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார். ஜி1000 என்ற மின்னணுக் கருவித் திரையில் ஜிபிஎஸ் என்றால் மெஜந்தா, விஓஆர் அல்லது லோக்கலைசர் என்றால் பச்சை. வாடகை விமானம் எடுப்பவர்கள் நிறத்தை வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜிஎன்எஸ் 430 ஜிபிஎஸ் பெட்டி உள்ள விமானமானால், 'இந்தத் திசையில் இத்தனை அடி ஏறும்வரை' என்ற கட்டத்தை அது தானாகத் தாண்டாது; அதற்கு உயரமானியின் உயரம் தெரியாது, நீங்கள்தான் அடுத்த கட்டத்துக்கு நகர்த்த வேண்டும்.

ஏற்றத்துக்கு நிமிட அடி நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிஸ்டன் இயந்திரம் மேலே போகப் போக வலு குறையும். 700 அடி என்று சொன்னதை நிறைவேற்ற ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும், வேகம் கரைந்துகொண்டே வரும். வேகத்தைப் பிடித்து ஏறும் நிலை இருந்தால் அதுவே உகந்தது. கையேடு அனுமதிக்கும் உயரத்துக்கு முன் ஆட்டோபைலட்டைப் போடக் கூடாது என்பதால், மேகத்தின் அடி அதைவிடத் தாழ்வாக இருக்கும் நாளில் முதல் சில நூறு அடியை நீங்கள் கையால் மேகத்துக்குள் பறந்தே ஆக வேண்டும். அதில் பழக்கம் விட்டுப்போனவர் அன்று வீட்டில் இருப்பது நல்லது.

உயரத்தில் நின்று கொள்வது பற்றியும் ஒன்று. பெரிய நிலையங்களின் வெளியிடப்பட்ட புறப்பாடுகளில் இடைப்பட்ட உயரங்கள் இருக்கும். நியூ ஜெர்சியின் டெட்டர்பரோவில் ஓடுபாதை 24லிருந்து ஏறும் ரூடி புறப்பாடு இதற்குப் பேர்போனது: வென்ட்ஸ் என்ற புள்ளி வரை 1500 அடியில் நிற்க வேண்டும், அதன் பிறகே 2000. நியூவார்க்கில் இறங்கும் பெரிய விமானங்கள் சற்று மேலே கடந்துகொண்டிருக்கும். வேகமாக ஏறும் ஜெட்டின் விமானி 1500ஐத் தாண்டிவிட்டு நேராக 2000க்குப் போய்விடுவது அங்கே திரும்பத் திரும்ப நடந்த பிழை. அமெரிக்காவில் 2014 ஏப்ரலிலிருந்து, புறப்பாட்டைப் பின்பற்றியபடியே ஏறுங்கள் என்ற சொற்றொடர் வந்தால் இடைப்பட்ட உயரங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். பிறகு வெறுமனே இந்த உயரத்துக்கு ஏறி அங்கே இருங்கள் என்று சொல்லிவிட்டால் அவை நீங்கிவிடும். எது சொல்லப்பட்டது என்று ஐயம் வந்தால் கேட்டுவிடுங்கள். ஒரு கேள்வி மூன்று வினாடி.

தவறியே விட்டால் அதை மறைக்க வேண்டாம். நாசா 1976 முதல் நடத்திவரும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு 10 நாட்களுக்குள் எழுதி அனுப்பினால், வேண்டுமென்று செய்யாத மீறலுக்குத் தண்டனை விலக்கு கிடைக்க வாய்ப்பு உண்டு. அதைவிட முக்கியம், அந்த அறிக்கைகள்தான் ரூடி போன்ற வரைபடங்களில் எச்சரிக்கைக் குறிப்புகள் ஏறக் காரணமாக இருக்கின்றன.

கேட்டவரின் தொடர்ச்சி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒரு ஐயம். நான் பெரும்பாலும் ஓடுபாதை 20ல் கடலை நோக்கி எழுந்து, பிறகு கிழக்கே ஃப்ரெஸ்னோ பக்கம் போகிறேன். கோடையில் மத்தியப் பள்ளத்தாக்கு தெளிவாகவே இருக்கும். மேகத்தின் உச்சியைத் தாண்டி வெயில் தெரிந்த உடனேயே ஐஎஃப்ஆரை ரத்துசெய்துவிட்டு என் வழியில் போகலாமா? கட்டுப்பாட்டாளருக்கும் வேலை குறையுமே.

முதல் பதில் எழுதிய பயிற்றுநர்

ரத்துசெய்யலாம், ஆனால் வெயில் தெரிந்த உடனே அல்ல. இதுவும் நான் அடிக்கடி காணும் புறப்பாட்டுப் பிழைதான். உங்கள் உயரத்தில் காட்சிவழி விதி மேகத்துக்கு மேல் 1000 அடியும் பக்கவாட்டில் 2000 அடியும் விலகியிருக்கச் சொல்கிறது. உச்சி 1800 அடி என்றால் 2800ஐத் தாண்டும்வரை நீங்கள் காட்சிவழியில் இருக்கத் தகுதி பெறவில்லை. கடல்மேகத்தின் உச்சி தட்டையாகத் தோன்றினாலும் மலையை ஒட்டிய இடங்களில் மேலே எழும்பி நிற்கும். 1900 அடியில் ரத்துசெய்துவிட்டுக் கிழக்கே திரும்புகிறவர், அடுத்த நிமிடம் அனுமதியில்லாமல் மீண்டும் மேகத்துக்குள் இருப்பார், அதுவும் மலைப்பக்கமாக.

அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. 'மேகத்துக்கு மேல் காட்சிவழி' என்ற அனுமதியைக் கேளுங்கள். உச்சி இவ்வளவு என்று அறிவிக்கப்பட்டுள்ளது, இந்த உயரத்துக்குள் மேலே வரவில்லை என்றால் அங்கேயே இருந்து சொல்லுங்கள் என்று கட்டுப்பாட்டாளர் சொல்வார். நடைமுறையைப் பறந்து, திருப்பங்களை முடித்து, மேகத்திலிருந்து 1000 அடி மேலே வந்து, லோமா பிரியெட்டா எங்கே என்று கண்ணால் பார்த்த பிறகு ரத்துசெய்யுங்கள். அதுவரை நீங்கள் கருவிவழி விமானம்தான். கொடுத்த திசையையும் உயரத்தையும் கைவிடக் கூடாது.

குளிர்காலத்தில் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். டூலி மூடுபனி பள்ளத்தாக்கை நாள்கணக்கில் மூடிக்கொள்ளும்போது கடற்கரை தெளிவாக இருக்கும். அப்போது ரத்துசெய்துவிட்டுக் கிழக்கே போனால் இறங்க இடம் இருக்காது, திரும்பவும் அனுமதி கேட்டு வரிசையில் நிற்க வேண்டிவரும். ஆகவே ரத்துசெய்வதற்கு முன் ஃப்ரெஸ்னோவின் அண்மை வானிலை அறிக்கையை ஒருமுறை பாருங்கள். ரத்துசெய்த பிறகு கட்டுப்பாட்டாளரின் ரேடார் தொடர்கண்காணிப்பைக் கேட்டுப் பெறுங்கள். கிடைத்தால் கொடுத்த எண்ணையே வைத்திருக்கலாம், இல்லையென்றால் டிரான்ஸ்பாண்டரைக் காட்சிவழிப் பறத்தலுக்கான பொது எண்ணான 1200க்கு மாற்றுங்கள்.